அண்ணையின் பேரில் கழற்றிய எஞ்சின்

சென்ட் லோரன்ட் தரிப்பில் பஸ் ஏறியபோது எனக்கு முன் இருக்கையில் இரண்டு யாழ்ப்பாணத்தவர்கள் இருந்தார்கள். இளையவர் இருமி முடித்துவிட்டுச் சொன்னதைக் கேட்டதும், பாட்டுக் கேட்கக் காதில் மாட்டப் போன இயர்போனைப் பைக்குள் போட்டேன்.

"கரிக்கோச்சி எஞ்சினைக் கழட்டினது நீங்களாம், அண்ணை. நானில்லையாம்."

"ஆர் சொன்னது?"

"முந்தி நான் வேலை செய்த அந்த ரயில் பட்டறையில. பழைய ஆக்களின்ர லிஸ்டில உங்கட பேர்தான் கிடக்கு. எனக்கு வேர்க் பெர்மிட் வராத நேரம் உங்கட வேலைக் கார்டைக் காட்டி உங்கட பேரிலதானே வேலை செய்தனான்."

"ஓம். அது இருவது வருசத்துக்கு மேல."

"இந்த இருமலைப் பாத்திட்டு, அஸ்பெஸ்டஸோட வேலை செய்தனீங்களோ எண்டு டொக்டர் கேட்டவர். அது நூறு வருசப் பழைய நீராவி எஞ்சின், நிலக்கரி ஏத்தின பெட்டியளை இழுக்கவெண்டே கட்டினது. பொயிலருக்கு மேல இருக்கிற தகட்டைக் கழட்டினா உள்ளுக்கு முழுக்க வெள்ளைப் பஞ்சு, அதுதான் அந்த அஸ்பெஸ்டஸ். மூக்கைக்கூட மூடாமல் கையாலதான் பிடுங்கினனான்."

மூத்தவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அங்க வேலை செய்த எல்லாரையும் நெஞ்சை டொக்டரிட்டக் காட்டச் சொல்லி அஞ்சாறு வருசத்துக்கு முன்னம் கடிதம் போட்டவையாம். உங்களுக்கு வந்ததோ, அண்ணை?"

பஸ் இரண்டு தரிப்புகளைக் கடந்தது. அவற்றில் ஒன்று நான் இறங்கவேண்டியது.

"வந்தது," என்றார் மூத்தவர். "போகாட்டி கார்ட் விசயம் பிடிபட்டிடுமெண்டு பயந்து உனக்குச் சொல்லாமல் நானே போய் நெஞ்சுப் படமெடுத்தனான். என்ர நெஞ்சில ஒரு குறையுமில்லையெண்டு எழுதித் தந்தவை."