விரலுக்குத் தட்டாதது

சோப்பு விஷயத்தில் நான் கஞ்சன் இல்லை. வாரம் ஒரு கட்டி என் கைக்கு மட்டுமே கரையும். அதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள்.

தோல் பதனிடும் ஆலையின் மருந்தறையில் ஒன்பது வருஷம் இருந்தேன். சுண்ணாம்புக் குழியில் இறங்குகிறவர்களின் உடம்பைப் பார்த்து, அட்டையில் ஒரு சொல் எழுத வேண்டும். கண்ணுக்குத் தெரிந்து விரலுக்குத் தட்டாவிட்டால் திட்டு. தட்டினால் பரு. நீர் கோத்திருந்தால் கொப்புளம். தோல் போய்ச் சதை தெரிந்தால் புண். திட்டு என்றால் ஒரு டப்பா களிம்பைக் கொடுத்து வேலைக்கு அனுப்பிவிடலாம். புண் என்றால் ஆளைக் குழியிலிருந்து மேலே ஏற்றியாக வேண்டும். ஆறும்வரை தினமும் நானே கழுவிக் கட்டியாக வேண்டும்.

எனக்கு அது ஆகாது. ஊறிப்போன விரலிடுக்கு, பழுப்பேறி ஒட்டிய துணி, அந்த வாடை. சோற்றில் கை வைத்தாலும் அதுவே வரும். அதனால் யாரையும் நான் தொட்டதில்லை. தொடாதவன் விரலுக்கு எது தட்டும்? எல்லாருக்கும் திட்டு என்றே எழுதினேன். முறைப்படி பார்த்தால் அது பொய்யில்லை.

என் தங்கை புருஷனும் குழியாள்தான். கெண்டைக்காலில் துணி சுற்றி, நொண்டிக்கொண்டு வந்தார்.

"என்ன மச்சான், பொண்ணு பார்க்க வந்தவன் மாதிரி ஓரமாவே நிக்கிற? கிட்ட வா, கடிக்காது."

"அங்கயே அவுருங்க மாப்ளே."

அவிழ்த்தார். துணியோடு தோலும் வந்தது. உள்ளே எலும்பின் வெள்ளை. அதன் ஓரத்தில் அரிசி போல ஒன்று நெளிந்தது. பிறகு இன்னொன்று. நான் இரண்டடி பின்னால் போனேன்.

"புண்ணுன்னு ஒரே ஒரு வார்த்தை எழுதிடு மச்சான். மேல உலர்த்துற வேலைக்குப் போயிடுவேன். இன்னும் ஒரு வாரம் குழியில நின்னா இந்தக் கால் என்னைக் கொண்டு போயிடும்."

"கட்டிக்குங்க," என்றேன். திட்டு என்று எழுதினேன். களிம்பு டப்பாவை மேசையிலேயே அவர் பக்கம் தள்ளிவிட்டேன். கையில் கொடுக்கவில்லை.

ஐந்தாம் நாள் ஜுரம். எட்டாம் நாள் பிணம். "கடைசியா ஒரு தடவை தொட்டுப் பாருண்ணே," என்றாள் தங்கை. நான் கை கழுவப் போய்விட்டேன்.

அவருக்கு முன்னால் இப்படியே செத்தவர்கள் நாலு பேர். ஆமாம், ஐந்து அட்டையையும் நான்தான் எழுதினேன், தெரிந்தேதான் எழுதினேன்.

அந்தக் காலின் படத்தை என் முன்னால் வைத்திருக்கிறீர்கள். பார்க்கமாட்டேன் என்று சொல்லவில்லை. கொஞ்சம் தள்ளி வையுங்கள். அங்கிருந்து பார்த்தால் அது திட்டுதான்.