தெரியாத வரி

இன்ஸ்பெக்டர், அந்த மின்விசிறியைக் கொஞ்சம் குறைக்க முடியுமா? நான் மெதுவாகப் பேசுகிறவன். இது எப்படி வேலை செய்கிறது என்று முதலில் புரிந்துவிட்டால் நீங்கள் பாதிக் கேள்வி கேட்க வேண்டியிருக்காது.

நோயாளியின் கட்டிலருகே ஒரு பெட்டி இருக்கும். இதயத் துடிப்பைப் பார்த்து, இணையம் வழியாக நர்ஸ் அறைத் திரைக்குச் செய்தி அனுப்பும். செய்தி என்றால் சில வரிகள். 'ஆபத்து' என்ற வரி வந்தால் திரை அலறும். அந்த வரிகளை எப்படி எழுதுவது என்று விதி செய்வது என் வேலை. புதிய விதியில் அந்த வரியை எடுத்துவிட்டு, 'நிலை' என்ற ஒரே வரியில் எல்லாவற்றையும் அடக்கினேன். பார்க்கவே அழகாக இருந்தது.

பழைய திரைகளுக்கு ஒரு நல்ல பழக்கம் உண்டு. தெரியாத வரி வந்தால் தகராறு செய்யாமல் தாண்டிப் போய்விடும். அதனால்தான் பழையதும் புதியதும் ஒரே இடத்தில் குப்பை கொட்ட முடிகிறது.

எங்கள் அலுவலகச் சோதனைப் பிரிவில் ஒரு பெண். என்னை அண்ணன் என்பாள்.

"எல்லாத் திரையும் மாறுற வரைக்கும் பழைய வரியையும் கூடவே அனுப்புங்கண்ணே. உங்க அழகு ஒண்ணும் குறைஞ்சிடாது" என்று கிண்டலடித்தாள்.

சரி என்றேன். போன புதன் இரவு, முன்னோட்டமாக ஒரு மருத்துவமனையில் மட்டும் வெளியிட்டபோது அதை எடுத்துவிட்டேன்.

மறுநாள் வியாழக்கிழமை மதியம் அதே மருத்துவமனையிலிருந்து போனில் பேசினாள். அவளுடைய அப்பாவை அங்கே சேர்த்திருந்தார்கள்.

"இங்க இன்னும் பழைய திரைதாண்ணே. நேத்து வரைக்கும் கத்திட்டே இருந்துச்சு, இன்னிக்குச் சத்தமே இல்ல. அப்பா தேறிட்டார்போல. பழைய வரியும் கூடவே போகுதுல்ல?"

என் விதியை எல்லா மருத்துவமனைகளுக்கும் ஏற்பதா என்று முடிவு செய்ய மறுநாள் குழு கூடுகிறது. இப்போது வரியைத் திரும்பச் சேர்த்தால் ஏன் என்று கேட்பார்கள்.

"போகுதும்மா. நீ போய்ச் சாப்பிட்டு வா."

"உங்க வாய்க்குச் சர்க்கரை போடணும்ணே" என்று சிரித்தாள்.

என் மேசையிலிருந்தே அந்தப் பெட்டியின் செய்திகளைத் திறந்தேன். பெட்டி தன் வேலையைச் சரியாகச் செய்துகொண்டிருந்தது. நிலை: கவனம். நிலை: மோசம். நிலை: மிக மோசம். வார்டுக்கு ஒரு போன் போட்டிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும் என்பார்களே. அறைக் கதவைச் சாத்திக்கொண்டு, வரிகள் நிற்கும்வரை பார்த்தேன்.

குழு ஏற்றுக்கொண்டது.

வெளியே அவள் நிற்கிறாளா? நின்றால் என்னை வேறு வழியாகக் கூட்டிப்போங்கள்.

அவரைச் சாகவிட்டது நான்தான், எழுதிக்கொள்ளுங்கள். கூடவே இதையும் எழுதுங்கள்: என் மாற்றத்தால் ஒரு பழைய திரைகூடப் பழுதாகவில்லை.