வார்ட்டு வாசலில் ஒரு கதிரை

தலைமைக் கதிரையை நிறைத்து வீற்றிருக்கும் சங்கத் தலைவர் சிவராசா அண்ணர் அவர்களே! வயலிலிருந்து வந்த சேறு காயாத பெரியோர்களே! பிள்ளைகளை மடியிலும் பேச்சை நாவிலும் அடக்க முடியாத அன்னையரே! கதை தன்னைப் பற்றியதோ என்று இப்போதே என்னை முறைக்கும் பரமேஸ்வரி மாமி அவர்களே! அனைவருக்கும் சற்றே தள்ளி நின்று வணக்கம் சொல்கிறேன்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது நோய் பரவாமல் காப்பது பற்றிப் பேசு என்றார்கள். ஏன் என்னை? இந்த ஊரையே ஏற்றிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு வருத்தம் பார்க்கப் போகிற வேன்காரன் நானல்லவா!

கலியாணத்துக்கு வராதவரை மன்னிப்போம். வருத்தம் பார்க்க வராதவரை மன்னிப்போமா? ஆயுளுக்கும் பேசமாட்டோம்! ஒருவர் படுத்தால் ஊரே புறப்படும். இருமலோடு புறப்படும், தடிமனோடு புறப்படும், காய்ச்சலோடும் புறப்படும்! போனால் தள்ளி நிற்போமா? நோயாளியின் கட்டிலிலேயே ஏறி உட்காருவோம். அவருடைய சூப்பில் உப்புப் பார்ப்போம். கட்டை அவிழ்த்துப் புண்ணையும் தொட்டுப் பார்ப்போம்!

என்ன, பின்னால் ஒருவர் "அது ஆர் அண்ணை?" என்கிறார். நீங்கள்தான் ஐயா!

நம் சுபாஸ்கரனுக்கும் நிவேதிகாவுக்கும் மாதம் நிறையுமுன்னே பெண் பிள்ளை பிறந்தது. உள்ளங்கையில் அடங்கும் உடம்பு. "ஒரு தடிமன் தொத்தினாலும் பிள்ளை தாங்காது" என்று தாதி சொல்லிவிட்டார். அன்று மாலையே என் வேன் போய் நின்றது. முதலில் இறங்கியவர் நிவேதிகாவின் தகப்பனோடு பிறந்த மாமி பரமேஸ்வரி. ஒரு கையில் திருக்கேதீஸ்வரத்துத் திருநீறு, மறு கையில் மூக்குத் துடைத்த லேஞ்சி, வாயில் ஓயாத இருமல்!

சுபாஸ்கரன் என்ன செய்வான்? தடுத்தால் சொந்தம் போகும். விட்டால் பிள்ளை போகும். வார்ட்டு வாசலுக்குக் குறுக்கே ஒரு கதிரையை இழுத்துப் போட்டுத் தானே சாய்ந்துகொண்டான்.

"மாமி, பிள்ளை நித்திரை. என்னைப் பாருங்கோ. நெஞ்சு படபடக்குது."

"ஐயோ தம்பி, ஆளே வாடிப்போனாய்!"

பிறகென்ன? தடவினார்கள், தழுவினார்கள், திருநீறு பூசினார்கள், நிவேதிகாவுக்கென்று கொண்டுபோன மீன் சொதியை அவன் வாயில் ஊட்டினார்கள்! வருத்தம் பார்த்த திருப்தியோடு வேனில் ஏறினார்கள்.

மறுநாள் அவனுக்கு உண்மையாகவே காய்ச்சல், இருமல். பெற்ற பிள்ளையைப் பார்க்கப் போகாமல் வீட்டில் அடைந்து கிடந்தான். போனில் என்னிடம் சொன்னான்: "மாமியின்ர இருமல் எனக்கு வந்திட்டுது அண்ணை. பிள்ளைக்கு வரேல்லை!" சிரித்தான், அழுதான். எனக்கும் கண் கலங்கியது.

சபையோரே, அந்த இருமல் யாரையோ பிடிக்கத்தான் வந்தது. அன்று தகப்பன் குறுக்கே இருந்தான். எல்லா வாசலிலும் ஒருவன் இருப்பானா? சுகமில்லையா, வீட்டில் நில்லுங்கள்! போனால் கை கழுவுங்கள்! கட்டிலை நோயாளிக்கு விடுங்கள்! போகாதவரைக் கோபிப்பதை இன்றோடு விடுவோமா? விடுவோமா?

ஓம், விடுவோம் என்கிறீர்கள். நல்லது.

அதோ, முன்வரிசையில் சுபாஸ்கரனின் மடியில் அந்தப் பிள்ளை! முதன்முதலாக இன்றுதான் சபைக்கு வந்திருக்கிறாள். மாமி கை நீட்டுகிறார்... மாமி, கை! ஆ, எழுந்துவிட்டார். குழாயடிக்கே போகிறார்! சவர்க்காரமும் எடுக்கிறார்! தட்டுங்கள் கையை!

மாமி வரும்வரை ஒருவரும் பிள்ளையைத் தூக்க வேண்டாம். முதல் உரிமை அவருக்கே. கேட்டிருந்த அனைவருக்கும் என் நன்றி. கை குலுக்க மேடைக்கு வராதீர்கள், கூப்பிய கையோடு விடைபெறுகிறேன். வணக்கம்!