நகராத டாலர் விலை

எனக்குக் கோபம் வராது. சிதம்பரத்தில் எங்கள் ஆபீசில் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், மணவாளன் சார் தங்கமான மனுஷன் என்பார்கள். எழிலனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான்.

சிங்கப்பூரில் வேலை பார்க்கிறவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்ப எங்களிடம் ஒரு ஆப் உண்டு. அந்த ஊர் டாலருக்கு இன்றைக்கு எத்தனை ரூபாய் என்று வெளியிலிருந்து கேட்டு வாங்கித் தர ஒரு லைப்ரரி இருக்கிறது, யாரோ எழுதி வைத்த ரெடிமேட் புரோகிராம் கோடு. அதை ஆப்பில் சேர்க்கிற வேலை அண்ணாகிராமத்திலிருந்து வந்த எழிலனுக்கு. சரிபார்ப்பது நான். அந்த லைப்ரரிக்கு ஒரு கெட்ட பழக்கம். புது விலை கிடைக்காவிட்டால் வாயைத் திறந்து சொல்லாது. கடைசியாகக் கிடைத்த பழைய விலையையே எடுத்து நீட்டும். தேதியைப் பார் என்று நாம்தான் ஒரு வரி சேர்க்க வேண்டும். எழிலன் சேர்க்கவில்லை. பார்த்தவுடனே எனக்குத் தெரிந்துவிட்டது.

சொல்லியிருக்கலாம். ஆனால் முந்தின வாரம்தான் மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும், "சார் எழுதுன கோடு ரொம்ப பழசு, நான் தூக்கிட்டேன்" என்று சிரித்தான். டீம் லீடு வேலையும் அவனுக்குத்தான் என்று பேச்சு. எனக்கு வயிறு எரிந்தது. அதை வெளியே காட்டிக்கொள்கிற ஆள் நானில்லை. அவன் கோடுக்கு ஓகே போட்டு அனுப்பினேன்.

விலை தருகிற கம்பெனிக்குச் சந்தா கட்டச் சொல்லும் மெயில் எனக்குத்தான் வரும். வந்தது, விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமையோடு சந்தா முடிந்தது. டெஸ்டைச் சனி, ஞாயிறில் வைத்துக்கொள் என்று எழிலனிடம் சொன்னேன். அந்த இரண்டு நாளும் சந்தை மூடியிருக்கும், விலை அசையாது. செத்த விலையும் சரியான விலையும் ஒன்றாகவே இருக்கும். எல்லாம் பாஸ் ஆனது. சந்தோஷத்தில் எனக்குப் பிரியாணி வாங்கிக் கொடுத்தான், நன்றாக இருந்தது.

அடுத்த வாரம் டாலர் சரிந்தது. எங்கள் ஆப்பில் மட்டும் சரியவில்லை. விஷயம் கசிந்து, ஆளாளுக்கு அள்ளி அனுப்பினார்கள்; கூடுதல் ரூபாயைக் கம்பெனி கைக்காசிலிருந்து கொடுக்க வேண்டியதாயிற்று. அதில் சிங்கப்பூரில் இருக்கும் எழிலனின் மச்சானும் ஒருவர். அதை நான் எதிர்பார்க்கவே இல்லை, கடவுளாகப் பார்த்துக் கொடுத்தது. இரண்டு பேரும் கூட்டு என்று முதலாளி போலீசில் புகார் கொடுத்தார். எழிலன் இப்போது கடலூர் ஜெயிலில் இருக்கிறான்.

போன வாரம் அவன் மனைவி சத்யப்பிரியா கைக்குழந்தையோடு என் வீட்டுக்கு வந்தாள். ஜாமீன் மனு விசாரணைக்கு வருகிறதாம்.

"அண்ணா, இது அவுரு தெரியாம செஞ்ச தப்புன்னு நீங்க ஒரு வார்த்த சொன்னா போதும், உட்ருவாங்கன்னு வக்கீல் சொல்றாரு. உங்களத்தான் நம்பியிருக்கோம்" என்றாள்.

பார்க்கப் பாவமாக இருந்தது. காபி கொடுத்து, என்னால் ஆனதைச் செய்கிறேன் என்று சொல்லி அனுப்பினேன்.

சொன்ன சொல் தவறுகிறவன் இல்லை நான். மறுநாளே கடலூர் போய்ப் போலீசிடம் எழுதிக் கொடுத்தேன். எழிலன் மகா கெட்டிக்காரன், எங்கள் ஆபீசில் அவனை மிஞ்ச ஆளே கிடையாது, இப்படி ஒரு தப்பை அவன் தெரியாமல் செய்திருக்க வாய்ப்பே இல்லை என்று எழுதினேன். அவனை இவ்வளவு மனதாரப் பாராட்டியவர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.