நாலு சக்கரமும் ஒழுகுது

...அய்யய்யோ, ஒஞ்சீலையில பட்டுருச்சா? தள்ளி உக்காரும்மா. பைக்குள்ள மீனெல்லாம் இல்ல, காரு பிரேக் சிலிண்டரு. பழசு. இதக் காட்டித்தேன் புதுசு வாங்கணும்னு என்னையத் தேனிக்கு வெரட்டிவிட்டாக எங்க வீட்டுக்காரவுக. வாங்கிட்டு இந்த பஸ்ல ஊருக்குத் திரும்புறேன். கழட்டுன பெறகும் சொட்டுது பாரேன்... சனியன்!

அந்தக் காலத்து அம்பாசடரும்மா. உத்தமபாளையத்துல எங்க வீட்டுக்காரவுக நூர் முகம்மது காருன்னா நாய்கூட ஒதுங்கும். ஏன்? நிக்காதுன்னு அதுக்கே தெரியும்! நாலு சக்கரத்துலயும் பிரேக் ஆயிலு ஒழுகும். மெக்கானிக்கு சுருளிராஜன் தலையில அடிச்சுக்கிட்டான், "பாய், எல்லாத்தையும் ஒண்ணா மாத்திருவோம்"னு. கேட்டாகளா? இன்னைக்கு ஒழுகுற சக்கரத்துக்கு மட்டும் ஒரு ரப்பர் வாசரு. மறுவாரம் அடுத்தது ஒழுகும். அதுக்கொரு வாசரு. த்தூ... வாசல்ல கால வச்சா வழுக்கி விழணும்!

அதையாவது விடு. எம்மக அப்ரினப் பொண்ணு பாக்க குமுளியிலருந்து வர்றாக, ஏலக்கா யாவாரம் பண்றவுக. பஸ்ல வரக் கூடாதாம்! நம்ம கார்லதேன் கூட்டியாரணுமாம்! இவுகளுக்குக் கவுரவமாம்! நானும் போயி, மாப்ள முன்னால உக்கார, நா அவுகம்மாவோட பின்னால நெருக்கி உக்காந்தேன். மலை எறங்குறோம். இவுக பிரேக்க அமுத்துறாக... அமுத்துறாக... காலு தரை வரைக்கும் போயிருச்சு. வண்டி நிக்கணுமே! அந்தம்மா கலிமா சொல்றாக, நா இவுகளத் திட்டுறேன். சாகப்போற நேரத்துலயும் திட்டுத்தேன் வருது, என்ன செய்ய? கியரக் கொறச்சு, மலைப்பக்கமா ஒரசவிட்டு, ஒருவழியா நிறுத்துனாக. எறங்கி என்ன சொன்னாக தெரியுமா? "பாத்தீகளா, பாடி எம்புட்டுக் கெட்டி!" வெக்கங்கெட்ட மனுசரு!

மாப்ள வீட்டாளுக மேல போற பஸ்ஸ மறிச்சு குமுளிக்கே போயிட்டாக. போச்சே சம்பந்தம்னு அங்கனயே ரோட்டோரமா உக்காந்து அழுகுறேன். திரும்பிப் பாத்தா, மாப்ள சலீம் மட்டும் போகல. வெள்ளச் சட்டையோட காருக்கடியில படுத்துக் கெடக்கான்! மூஞ்சியெல்லாம் ஆயிலோட வெளிய வந்து, "மாமா, சக்கரத்தையே பாத்துக்கிட்டு இருந்திருக்கீக. நாலுக்கும் ஆயிலு அனுப்புற மாஸ்டர் சிலிண்டரும் போயிருச்சு"ங்குறான். இவுக மொகத்தப் பாக்கணுமே, பெருநா பெறையப் பாத்தாப்புல!

அதே கோலத்துல, காரக் கட்டியிழுத்த லாரியில ஏறி எங்ககூட வந்துட்டான். அப்ரின் கதவிடுக்குல பாத்துட்டு விழுந்து விழுந்து சிரிச்சா. "இவுகளே போதும்மா"ன்னுட்டா. மாப்ளயோட அம்மாவச் சம்மதிக்க வைக்க நாந்தேன் குமுளிக்கு நாயா அலஞ்சேன். பஸ்லதேன்!

கல்யாணம் முடிஞ்சு என்னாச்சுங்குற? முன்ன ஒருத்தரு காருக்கடியில கெடந்தாக, இப்ப மாமனும் மருமகனும். சோத்துக்குக் கூப்புட்டா நாலு காலு மட்டும் ஆடுது! எம்மகளும் கூட நின்னு ஸ்பானரு எடுத்துக் குடுக்குறா, கழுத. இப்ப எல்லாத்தையும் ஒண்ணா மாத்தப் போறாகளாம். அறிவு வந்துருச்சாம்! ஆனா கடைக்குப் போக மட்டும் நானு...

இந்தா, எங்கன எந்திரிக்கிற? இது சின்னமனூருல்ல? நீ கம்பத்துக்குல்ல டிக்கெட் எடுத்த? ஏம்மா... ஏ தாயி...! எறங்கிட்டாளே! கூப்புடக் கூப்புட ஓடுறா பாரு... கொஞ்சமாச்சும் மருவாத தெரியுதா இந்தக் காலத்துப் புள்ளைகளுக்கு?

வாங்கக்கா, இங்கன உக்காருங்க. ஒங்க வீட்டுல காரு இருக்காக்கா?