நடு சுவிட்சில் மட்டும் கோளாறு

சுஜிதா: போன மாசம் இதே ஸ்டூல்ல இருந்துதான சொன்னிய? “சுஜிதா, ஒன்ட்ட ஒன்னு கேக்கணும்”னு. நான் “கேளுங்க”ன்னேன். “அடுத்த தடவ வரும்போது கேக்கேன்”னிய. இது மூணாவது தடவ, பெவின்.

பெவின்: அது... கம்பிச் சத்தத்தப் புடிக்குத பிக்கப்பப் பத்தி ஏதோ கேக்க நெனச்சிருப்பேன். மொதல்ல கித்தாரக் குடு.

சுஜிதா: பொய்யி. இந்தாங்க, புடிங்க. ஞாயித்துக்கெழம கீழவைப்பார்லருந்து என்னையப் பொண்ணு பாக்க வாராவ. நீங்க என்ன கேக்க நெனச்சியன்னு தெரியாம இந்த ரிப்பேர்க் கடைய விட்டு எறங்க மாட்டேன்.

பெவின்: பொண்ணு பாக்கவா...?

சுஜிதா: ஆமா.

பெவின்: ...திரும்பி நில்லு.

சுஜிதா: என்னத்துக்கு?

பெவின்: சுவிட்சப் பாக்காம காத வச்சுச் சொல்லு. இந்தச் சத்தம் எந்தப் பிக்கப்பு?

சுஜிதா: கழுத்துப் பக்கத்து ஹம்பக்கர். அல்னிகோ காந்தம். சுடுசோத்துல நெய்யி எறங்குதாப்ல இருக்கு. கோயில் பாட்டுக்கு இதுதான்.

பெவின்: இது?

சுஜிதா: கீழ பிரிட்ஜ் பக்கத்து செராமிக் காந்தம். மீன் ஏலம் விடுதவரு தொண்ட! எத்தன பேரு சத்தம் போட்டாலும் தனியாக் கேக்கும்.

பெவின்: இப்ப நடு சுவிட்சு. ரெண்டும் சேந்து...

சுஜிதா: அய்ய, சளி புடிச்சவன் மூக்கால பாடுதான்.

பெவின்: தனித்தனியா ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. ஒன்னுல வயரு எடம் மாறிக் கெடக்கு. அதான் சேந்தா ஒன்ன ஒன்னு முழுங்குது.

சுஜிதா: போன தடவையும் இதத்தான சொன்னிய? ஒழுங்காப் பத்தவைக்கத் தெரியலன்னு சொல்லுங்க.

பெவின்: ஏளா! நான் வச்ச ஈயம் கடுகு மாதிரி பளபளன்னு நிக்கும். இத எவனோ களிமண்ண அப்புன மாதிரில்லா அப்பிருக்கான்.

சுஜிதா: எவனும் இல்ல. நாந்தான். எங்க சித்தப்பா சால்டரிங் அயர்ன எடுத்து ரெண்டு தடவையும் வயர மாத்தி வச்சேன். இங்கன வாரதுக்கு வீட்ல ஒரு காரணம் சொல்ல வேண்டாமா?

பெவின்: தெரியும்.

சுஜிதா: தெரியுமா? எப்ப...

பெவின்: போன தடவ தொறந்து பாத்ததுமே.

சுஜிதா: பின்ன ஏன் வாயத் தொறக்கல?

பெவின்: சொன்னா வாரத நிப்பாட்டிருவியே.

சுஜிதா: நல்லாருக்கு! நீங்க இப்பிடியே வயரப் பாத்துக்கிட்டு இருங்க. அவிய வந்து காப்பி குடிச்சிட்டுத் தேதியும் குறிச்சிட்டுப் போயிருவாவ.

பெவின்: ஒங்கப்பா துறைமுகத்துல கிரேன் ஓட்டுத மனுசன். என்னையத் தூக்கிக் கடல்ல போட்டுருவாரு.

சுஜிதா: போடட்டும். நீந்தி வாங்க.

பெவின்: இல்ல... கொஞ்சம்...

சுஜிதா: கித்தாரக் கீழ வைங்க.

பெவின்: வச்சிட்டேன்.

சுஜிதா: என்னையப் பாருங்க. இப்பக் கேளுங்க.

பெவின்: எங்கம்மாட்ட சொல்லியாச்சு. பங்குச்சாமியார்ட்டயும் போயி, கோயில்ல கலியாண ஓலை வாசிக்க எத்தன வாரமாவும்னு கேட்டாச்சு. ஒன்ட்ட மட்டுந்தான் கேக்கல, சுஜிதா... என்னையக் கட்டிக்கிடுதியா?