ஓட்டை அடைத்த நீலத் தொட்டி

— என்னங்க, வீடெல்லாம் கருகின நாத்தம்? சால்டரிங் அயர்னை வெச்சு என்ன பண்றீங்க?

— தொட்டியில விரிசல். மூடறேன். ஜன்னலைத் திறந்து விடு.

— பழசு வாங்கறவருக்குப் போடத்தானே மாடியில இருந்து இறக்கச் சொன்னேன்?

— போடப் போற தொட்டியை நேத்து சோப்பு போட்டுத் தேய்ச்சது யாரு?

— அழுக்கா இருந்தா அவர் வாங்க மாட்டாரு...

— அதெல்லாம் வேணாம். இதுல தக்காளிச் செடி வைக்கப் போறேன்.

— அதுக்கு இவ்வளவு புகையா? பசை போட்டு ஒட்டுங்களேன்.

— இந்தப் பிளாஸ்டிக்ல பசை நிக்காது, உரிஞ்சு வந்துடும். சூடு காட்டினா இளகும், ஆறினா இறுகும். எத்தனை தடவை வேணும்னாலும்.

— உங்க கோபம் மாதிரி.

— உன் கோபம் இளகினதை நான் பாத்ததே இல்ல.

— அதென்ன குச்சி குச்சியா... ஐயோ, என் நீல பாத்ரூம் மக்கை வெட்டிட்டீங்களா!

— கைப்பிடி உடைஞ்சதுதானே. அதே ஜாதி பிளாஸ்டிக்கை உருக்கி விட்டாத்தான் பிடிக்கும். தண்ணியில போட்டுப் பாத்தேன். தொட்டித் துண்டும் மக்குத் துண்டும் மிதந்துச்சு, உன் சீப்பு முழுகிடுச்சு.

— சீப்பையும் வெட்டினீங்களா?

— ஒரே ஒரு பல்லுதான்...

— நல்லவேளை, என் பல்லைக் கேக்கல.

— சிரிக்காதே, கை ஆடுது.

— நம்ம தவக்களை இதுல போட்ட ஆட்டம் ஞாபகம் இருக்கா? பாதித் தண்ணி உங்க சட்டையிலதான்.

— அதனாலதானே பொண்ணுக்கு அந்தப் பேரே வந்துச்சு. குளிப்பாட்டறது நானு, துவட்டறது நீ.

— அப்புறம் இதுல துணி ஊறப்போட்டோம். வீடு மாறினப்போ பாத்திரமெல்லாம் இதுலதான் வந்துச்சு.

— ஒழுகற வீட்டுல மழை வந்தா நடு ரூம்ல இதான் உக்காந்திருக்கும். சொட்டுச் சத்தத்துக்கு அவ தாளம் போடுவா.

— நேத்து... போன் பண்ணினாளா?

— ம்... சும்மாதான். உனக்கு?

— எனக்கும் சும்மாதான். போன வருஷம் அவ ஆஸ்பத்திரியில இருந்து வந்ததுல இருந்து அதிகம் பேசறதே இல்ல...

— அதை விடு. இந்தா, அடியைப் பாரு, எப்படி மூடியிருக்கேன்.

— இருங்க. முன்னாடி மாடியில செடி வைக்க நீங்களே அடியில மூணு ஓட்டை போட்டீங்களே, அது எங்க?

— அடைச்சுட்டேன்.

— தக்காளி வைக்கப் போறவரு தண்ணி வடியற ஓட்டையை எதுக்கு அடைக்கணும்?

— அது... கைப்பழக்கத்துல... நீ தண்ணி கொண்டா, ஒழுகுதான்னு பாப்போம்.

— இந்தாங்க. மெதுவா ஊத்துங்க.

— வெந்நீரா?

— வெதுவெதுப்புதான்.

— ஒரு சொட்டு ஒழுகல, பாத்தியா... ஏய், நீ என்ன பண்றே?

— என்ன பண்றேன்?

— அடியைப் பாக்காம முழங்கையை உள்ள விட்டுச் சூடு பாக்கறே. பழசு வாங்கறவரு இதுல குளிக்கப் போறாரா?

— நீங்க மட்டும்? ஒட்டின இடத்தை உப்புத்தாள் போட்டு வழவழன்னு இழைச்சிருக்கீங்க. இல்லேன்னா தக்காளிக்குக் குத்துமா? சொல்லுங்க. அவ என்ன சொன்னா?

— வயிறு வெளிய தெரியற வரைக்கும் அம்மாகிட்ட சொல்லாதப்பான்னு சத்தியம் வாங்கினா. போன தடவை மாதிரி இதுவும் கலைஞ்சா நீ தாங்க மாட்டியாம்.

— ...என்கிட்டயும் அதே சத்தியம்தாங்க. அப்பா தாங்க மாட்டாராம்.